நாலாவது கேள்வியைத் திருத்தித் தந்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

போன கிழமை ஆய்வேட்டை பைண்ட் பண்ணிக் கொடுத்துவிட்டேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இறுதியாண்டு, தலைப்பு வன்னியில் பெண் தலைமைக் குடும்பங்களும் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவும். நன்றியுரைக்கு அதில் ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்தில் அடங்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் புதுக்குடியிருப்புப் பக்கத்து அக்காவுக்கு. பெயர் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வினாக்கொத்தில் நாலாவது கேள்வி திருமண நிலை: திருமணமாகாதவர், திருமணமானவர், விதவை, விவாகரத்துப் பெற்றவர். முற்றத்தில் இருந்து கச்சான் கடலை உடைத்தபடி பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டார். "இதில நான் எது பிள்ளை? அவரை வட்டுவாகலில என்ர கண் முன்னாலதான் பஸ்ஸில ஏத்தினவை. செத்துப்போனார் எண்டு நான் எங்கையும் கையெழுத்து வைக்கேல்லை."

2009 இல் போர் முடிந்தபோது பலர் இராணுவத்திடம் சரணடைந்த இடம் வட்டுவாகல். எனக்குப் பேச்சு வரவில்லை. காணாமல் போனவர்களின் குடும்பங்கள் மரணச் சான்றிதழ் எடுக்காமலே வேறொரு சான்றிதழ் பெறலாம் என்று 2016 இல் சட்டம் வந்ததைப் படித்திருக்கிறேன். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு அம்மாமார் போராட்டத்தில் இருக்கத் தொடங்கியதும் தெரியும், ஏ9 இல் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும் என் படிவத்தில் அவர்களுக்கு ஒரு கட்டம் இல்லை.

அன்று இரவே மேற்பார்வையாளர் மிஸ்ஸுக்கு போன் எடுத்தேன். ஏற்கெனவே ஒன்பது வீடு முடித்திருந்தேன். கேள்வி பிழையென்றால் விடையும் பிழைதான், மாற்றி எழுதிக்கொண்டு திரும்பப் போங்கோ என்றார். மிஸ், அந்தச் சொல்லுக்கு நன்றி. திரும்பப் போன ஒன்பது வீட்டிலும் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, தேத்தண்ணி தந்துதான் விட்டார்கள்.

என் மூன்றாம் அத்தியாயமே அந்த வீடுகளில் கிடைத்ததுதான். 2023 இல் அஸ்வெசும தொடங்கியபோது ஆட்களைத் தெரிவுசெய்ய 22 குறிகாட்டிகள் வைத்தார்கள், வீட்டின் நிலையும் அதில் பார்க்கப்பட்டது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபா போதாமல், காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டிய கல்வீட்டுக்குள் இருந்துகொண்டு, "வீட்டைப் பாத்தவை, கடனைப் பாக்கேல்லை" என்று தருமபுரத்தில் ஒரு அம்மா சொன்னார். நான் பத்துப் பக்கத்தில் இழுத்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அப்புறம், பரந்தன் முல்லைத்தீவு வீதியில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் மோட்டார் சைக்கிளில் ஏற்றித் திரிந்த மாமாவுக்கு, வீடு வீடாக வந்து அறிமுகப்படுத்திவிட்ட கிராம சேவகருக்கு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அறையில் விடிய விடிய ஒலிப்பதிவு கேட்டுத் தட்டச்சு செய்த என் இரண்டு தோழிகளுக்கு. அதில் ஒருத்தி ஹெட்போனைக் கழற்றி, இதென்னடி இடைக்கிடை டக் டக் என்று கேட்குது என்றாள். கச்சான் உடைக்கிற சத்தம் என்றேன். அது நின்றுபோகும் இடம் வந்ததும் அவளும் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அக்கா, வைகாசியில் வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு வருவேன். ஒரு பிரதி உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். நாலாவது கேள்வியில் இப்போது ஐந்தாவது கட்டம் ஒன்று இருக்கிறது, நீங்கள் சொன்ன சொல்லிலேயே: "அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்."