பாலைவனம் செல்லும் குடும்பங்களுக்கு வழிகாட்டல் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில், அதிலும் கம்மவான்பேட்டை, கணியம்பாடிப் பக்கத்தில், ராணுவத்தில் ஆள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆயினும், பணியிட மாறுதலில் கணவருடன் புறப்படும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகும் ஊரைப் பற்றி எவரும் எதுவும் சொல்லி அனுப்புவதில்லை. ராஜஸ்தானின் ஜெய்சால்மர் மாவட்டத்தில், தார்ப் பாலைவனத்துச் சிறு குடியிருப்பு ஒன்றில் வசித்துவருபவள் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

வேலூர் வெயிலில் வளர்ந்தவளுக்கு எந்த வெயிலும் பழகிவிடும் என்றுதான் ஊரில் சொன்னார்கள். அது பாதி உண்மை. கத்திரியில் நமக்கு வியர்த்துக் கொட்டும். இங்கோ வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், உடலில் நீர் குறைவதே தெரிவதில்லை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்பகுதிக்குக் கிழக்கே உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஜனவரி இரவுகளிலோ, ஏலகிரிக்கென்று வாங்கிய ஸ்வெட்டர் எந்த மூலைக்கும் போதாது.

தண்ணீர்தான் பெரிய பாடம். ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழையே பெறும் இம்மாவட்டத்துக்கு, பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து 600 கி.மீ.க்கும் மேல் ஓடிவரும் இந்திரா காந்தி கால்வாய் பேருதவி. அதற்கு முன்பிருந்தே கிராமத்தார், மழைநீர் வழிந்து சேரும்படி சரிவான தரை அமைத்து, 'டாங்கா' எனப்படும் நிலத்தடித் தொட்டியில் அதனைச் சேமித்துவருகிறார்கள். பாத்திரத்தை மணலிட்டுத் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்துவிடும் பழக்கத்தைக் கண்டு முதலில் முகம் சுளித்த நானே, இப்போது அரிசி கழுவிய நீரையும் வீணாக்குவதில்லை. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் மொண்ட நம் பாட்டிமார் இவர்களோடு எளிதில் ஒத்துப்போயிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

உணவில் அந்நியம் குறைவு. நாம் கூழாகக் குடிக்கும் கம்பு இங்கே ரொட்டியாகிறது. வன்னி மரத்தின் காய் 'சாங்ரி' என்ற பெயரில் கறியாகிறது. இட்லி மாவுதான் கோடையில் சீக்கிரமே புளித்தும், குளிரில் பொங்காமலும் படுத்துகிறது.

உண்மையில் வாட்டுவது தனிமையே. இந்தி தெரியாத பெண், கணவர் பணிக்குச் சென்றபின் பக்கத்து வீட்டாரிடம் ஒரு மாத்திரைகூடக் கேட்க இயலாது. பிள்ளைகளின் பள்ளியில் தமிழ் இல்லை; தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களைப் பற்றித் தற்செயலாகவே அறிந்தேன்.

ஆகவே, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பாலைவனப் பகுதிகளில் வாழ்ந்து திரும்பிய குடும்பத்தினரைக் கொண்டு, புதிதாகப் புறப்படும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு இருமுறையேனும் வழிகாட்டுக் கூட்டம் நடத்தவும், அன்றாடப் பேச்சுக்கான இந்தியைச் சில வாரங்கள் கற்பிக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அதில் பங்கேற்று என் அனுபவத்தைச் சொல்ல நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ராணுவ வீரர் ஒருவரின் மனைவி,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.