பூட்டிய அலுமாரிக்குள் ஒரு பதக்கம்: நூலகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். எந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். முறைப்பாட்டுப் புத்தகத்தில் மூன்று தடவை எழுதியவள் நான்தான். அந்த இரண்டு தொகுதி நாவலின் இரண்டாம் தொகுதியை இரவல் பகுதிக்கு மாற்றுங்கள் என்றுதான் மூன்றிலும் எழுதினேன். முதலாம் தொகுதி 894.8113 என்ற இலக்கத்தோடு தமிழ் நாவல்களுக்குள் இருக்கிறது. அதே கதையின் இரண்டாம் தொகுதிக்கு 954.93 என்று ஒட்டி, இலங்கை வரலாற்றோடு சேர்த்து உசாத்துணைப் பகுதிக் கண்ணாடி அலுமாரியில் பூட்டிவிட்டீர்கள். அட்டையில் இருந்த ‘வரலாற்று நாவல்’ என்பதில் முதல் சொல்லோடேயே யாரோ வாசிப்பை நிறுத்திவிட்டார் போலும்.

அது வரலாறு இல்லை, ஐயாமாரே. 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அமளியில் தொலைந்த ஒரு குடும்பப் பதக்கத்தை ஒருத்தியும் ஒருத்தனும் போட்டி போட்டுத் தேடுகிறார்கள். தேடுகிற சாட்டில் காதலும் வந்துவிடுகிறது. கதாநாயகி விடியக் கருக்கலில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் தோணி ஏறுகிறாள்! கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் வர்த்தகத் தேயிலைத் தோட்டத்தைப் போட்டதே 1867இல். இதை உசாத்துணை நூல் என்று நம்பி ஓர் உயர்தரப் பிள்ளை சோதனையில் எழுதினால் புள்ளி போடுவது யார்?

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. படுக்கைதான், கண்ணும் மங்கிவிட்டது. இரவில் நான் வாசிக்க அவ கேட்பா. முதலாம் தொகுதி முடியும்போது அந்த இரண்டு பேரும் நடு ஆற்றில், ஒரே தோணியில். பதக்கம் மற்றவரின் வெற்றிலை வட்டாவுக்குள் இருக்குது என்று ஆளுக்காள் சந்தேகம். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருநாள் நான் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து, உங்கள் மேசையில் இரண்டு அத்தியாயம் வாசித்து, மனதில் பிடித்துக்கொண்டு போய்ச் சொல்கிறேன். அவ விடமாட்டா. “இடையில விட்டுட்டாய்” என்பா. உண்மைதான், பஸ்ஸுக்குப் பயந்து பக்கம் தாண்டுகிறேன். போன கிழமை மறந்துபோன ஒரு வாள்சண்டையை நானே இட்டுக்கட்டினேன். “தாய்வழிப் பதக்கம் பொம்புளப் புள்ளைக்குத்தானே, அந்தப் பொடியன் என்னத்துக்குக் கலைக்கிறான்?” என்று கேட்டா. குடி வழமை தெரிந்த மனுசி. பதில் அலுமாரிக்குள் இருந்தது, நான் முழித்தேன்.

மண்முனையில் ஆறு கடக்கப் பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலம் 2014இல் பாலத்தோடு முடிந்தது. ஆள், மாடு, நெல் மூட்டை எல்லாம் ஆறு கடக்குது, ஒரு கதைப்புத்தகம் மட்டும் கடக்கக் கூடாதாம். புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளுக்கு இரண்டு அலுமாரி. நாவல் கேட்டால் “பொழுதுபோக்கா?” என்று ஒரு பார்வை. ஓம், பொழுதுபோக்குத்தான். படுக்கையில் கிடக்கிறவவுக்குப் பொழுது போவது சின்ன விசயமா? இரண்டு நாள் பிந்தினால் தண்டப்பணம் எழுதுகிற கை, ஒரு லேபலைக் கிழித்து ஒட்ட இரண்டு மாதம் எடுக்குமா? கண்ணாடிக்குள்தான் இருக்க வேண்டும் என்றால் ஒரு மின்குமிழும் போட்டு டிக்கெட் வையுங்கள். பதக்கம் என்று நினைத்துச் சனம் வரும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இரண்டாம் தொகுதியை இரவல் பகுதிக்கு மாற்றித் தாருங்கள். அதற்குக் கூட்டம் கூட வேண்டுமென்றால், அதுவரை சனிக்கிழமை எடுத்துத் திங்கள் காலை திருப்பித் தர அனுமதியுங்கள். என் அடையாள அட்டையை உங்களிடமே வைத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஓர் அங்கத்தவர்

பி.கு.: இரவல் மேசையில் இருக்கிற பிள்ளை இரக்கப்பட்டுக் கதையின் முடிவைச் சொல்ல வந்தா. காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். இனியும் சொல்ல வேண்டாம் என்று அவவிடம் சொல்லிவையுங்கள்.