கணினி அணைந்ததும் அடுத்த வீட்டு மோட்டாரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி தானாக அணைந்து எழுகிறது என்று யார் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "வைரஸா இருக்கும், ஃபார்மட் அடிச்சுப் பாருங்க." அந்தப் பதிலை நம்பி மூன்று மாதம் அலைந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. கணினி 2022இல் நாங்களே பூட்டியது. அக்கா மகன் சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளை வாங்கி வந்து, கூடத்தில் பாய் விரித்து ஒரே மாலையில் முடித்துவிட்டான். பிராசஸர், ரேம், மதர்போர்டு ஒவ்வொன்றுக்கும் பத்துக் கடை ஏறி இறங்கியவன், கேபினெட்டோடு சும்மா வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினிக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டியை, அப்படியே விட்டுவிட்டான். நானும் கேட்கவில்லை.

போன மே மாதம் தொல்லை தொடங்கியது. வைகாசி முகூர்த்த வேலை குவிந்திருந்த நேரம். ஒரு பத்திரிகையில் தாய்மாமன் முறைக்காரர்கள் பதினேழு பேரை வரிசை பிசகாமல் அடித்து முடிக்கும் தறுவாயில் திரை கறுத்தது. அடுத்த நொடி கம்பெனி முத்திரை வந்து நின்றது. அந்தப் பதினேழு பேரையும் மறுபடி அடித்தேன். அன்றைக்கே இன்னொரு தடவை போனது.

முதல் கடையில் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். என் எழுத்துருக்களைத் தேடி ஏற்றவே இரண்டு நாள் ஆயிற்று. இரண்டாவது கடைக்காரர் ரேமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். மூன்றாமவர் விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, 'கெர்னல் பவர் 41' என்ற சிவப்பு வரியைக் காட்டி, "மதர்போர்டு போச்சும்மா" என்றார். இதில்தான் எனக்குக் கோபம். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்று மட்டுமே அந்த 41 சொல்கிறது. ஏன் நின்றது என்று அதற்கும் தெரியாது. வாசலில் ஆள் விழுந்து கிடக்கிறார் என்று சொல்ல வந்த பையனிடம் நோயின் பெயரைக் கேட்ட கதைதான்.

அக்கா மகன் போனிலேயே வழி சொன்னான். விண்டோஸ் அமைப்பில், பழுது வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடச் சொன்னான். அதன்பின் நீலத்திரை வந்து நின்றால் டிரைவர், ரேம் பக்கம் தேடலாம். எதுவும் காட்டாமல் சட்டென்று இருண்டால் கரண்ட், சூடு, ரீசெட் பட்டன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எனக்கு எப்போதும் சட்டென்றுதான் இருண்டது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓட விட்டோம், ஒரு பிழையும் இல்லை. சூடு 65 டிகிரியைத் தாண்டவில்லை. ரீசெட் பட்டன் உள்ளே சிக்கியிருந்தாலும் இப்படி ஆகுமாம், அதன் வயரையும் பிடுங்கிப் பார்த்தோம். பயனில்லை.

"சித்தி, எப்பெப்ப அணையுதுன்னு மணி எழுதி வைங்க" என்றான் கடைசியில். கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் குறித்து வந்தேன். ஆடி பிறப்பதற்குள் 23 குறிப்புகள் சேர்ந்தன. பதினாலு குறிப்புகள் காலை ஆறிலிருந்து ஆறரைக்குள், அல்லது மாலை ஐந்தரையை ஒட்டி. அது அடுத்த வீட்டு மாடியில் தண்ணீர் ஏற்றும் நேரம்!

தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனை மாலையில் வரச் சொன்னேன். மீட்டரைப் பிளக்கில் செருகிக் காத்திருந்தோம். 220ஐ ஒட்டி நின்ற எண், மோட்டார் ஓடத் தொடங்கிய கணத்தில் 170க்கு விழுந்து எழுந்தது. மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற நேரத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்றார். நேராக எங்கள் இன்வெர்டரின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "இதை யார் திருப்புனது?" என்று கேட்டார். என் கணவர் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சின்ன சுவிட்சில் யுபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலைகள். எங்கள் இன்வெர்டரின் கையேட்டுப்படி, யுபிஎஸ்ஸில் வைத்தால் லைன் 180 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே பேட்டரிக்கு மாறிவிடும், அதுவும் 15 மில்லி நொடிக்குள். நார்மலில் 100 வோல்ட் வரை இறங்கினாலும் மாறாமல், வந்ததை அப்படியே வீட்டுக்குள் விடும். கரண்டே போனால் மாறுவதற்கு 40 மில்லி நொடி வரை ஆகலாம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது. ஆனால் கரண்ட் நின்றால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே முழுச் சுமையில் 16, 17 மில்லி நொடிதான் மூச்சுப் பிடிக்கும். சும்மா வந்தது எத்தனை பிடிக்கும்? ஏப்ரல் வெயிலில் லோ வோல்டேஜ் வந்தபோதெல்லாம் இன்வெர்டர் கீ கீ என்று கத்தியதால் இவர்தான் நார்மலுக்குத் திருப்பியிருக்கிறார்.

சுவிட்சைத் திருப்பி வைத்ததும் மோட்டார் தொல்லை நின்றது. பெரிய படங்களைத் திறந்து வைத்திருக்கும்போது கரண்ட் போனால் மட்டும் ஓரிரு தடவை அணைந்தது. முன்பும் எப்போதாவது அப்படி நடந்ததுண்டு, நாங்கள் பொருட்படுத்தியதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிவிட்டேன். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் 550 வாட், கரண்டை வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரை போட்டது. ஆவணி முகூர்த்தம் முழுக்க ஒரு பத்திரிகையும் கையை விட்டுப் போகவில்லை. பழையதை உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்க்கப் போன இவரை நல்லவேளை அந்த அண்ணன் தடுத்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் நிற்குமாம்.

ஆகவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கணினிப் பகுதியில் இந்தக் கேள்வி அடுத்த முறை வந்தால், வீட்டில் இன்வெர்டர் உண்டா, அது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். அசெம்பிள் செய்து விற்பவர்களும் பில்லில் 'கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்' என்று ஒரே வரியில் முடிக்காமல், அதன் மாடலையும் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதையும் எழுதித் தரலாம். ரேமுக்கு மட்டும் சீரியல் நம்பர் வரை எழுதுகிறார்களே!

இன்வெர்டர் மறுபடி கீ கீ என்று கத்தத் தொடங்கியிருக்கிறது. சுவிட்சுக்கு மேலே, 'தொட்டால் இன்று சமையல் இல்லை' என்று 36 பாயின்ட் எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி வாசகி,
கும்பகோணம்.