சோளக்காட்டு ஓரத்து டெலிபோன்

அன்புள்ள பெரியம்மா,

இங்கே அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் போன அன்று, ஆமிஷ் என்ற பழமை மாறாத கிறிஸ்தவப் பிரிவினரின் சாம்பல் நிறக் குதிரை வண்டியைப் பார்த்துவிட்டு, "இத்தனை வசதி இருக்கிற நாட்டில் இவங்களுக்கு மட்டும் என்ன தலையெழுத்து?" என்று கேட்டீர்கள். கார் ஓட்டுகிற மும்முரத்தில் "அது அவங்க மதம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். நீங்கள் ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

சோளக்காட்டு ஓரத்தில் ஒரு மரக்கூண்டைக் காட்டி "கக்கூஸா?" என்றீர்களே, அது டெலிபோன் கூண்டு. வீட்டுக்குள் போன் வரலாமா என்று 1910 வாக்கில் அந்த ஆமிஷ்காரர்களுக்குள் சண்டை மூண்டு, ஒரு கூட்டம் பிரிந்தே போனது. வேண்டாம் என்றவர்கள், டாக்டரைக் கூப்பிட ஒன்று வேண்டுமே என்று பிற்பாடு இறங்கி வந்தார்கள். சரி, இருக்கட்டும், ஆனால் வெளியே இருக்கட்டும். பேச வேண்டுமென்றால் பனியிலும் நடந்து போய் நின்றுகொண்டே பேச வேண்டும். ஊர்வம்பு பேச அத்தனை தூரம் யார் நடப்பார்கள்? அதற்குப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கே போய்விடலாம். அவர்கள் நினைத்ததும் அதுதான். இப்போது கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பையில் செல்போன் ஏறிவிட்டது. சபைகள் திணறுகின்றன.

கரண்டும் அப்படித்தான். கம்பி வழியாக வரக்கூடாது. ஆனால் டீசல் இன்ஜினை ஓட்டி, காற்றை அழுத்திக் குழாயில் அனுப்பி, தையல் மெஷினையும் மிக்ஸரையும் சுற்ற வைப்பார்கள். சாமியும் கோபிக்கக் கூடாது, வேலையும் நடக்க வேண்டும்! நீங்கள் சிரிப்பீர்கள், எனக்கும் சிரிப்புதான். ஆனாலும் ஒரு பொருள் வாசலுக்கு வந்தால், உள்ளே விடலாமா என்று இருபத்தைந்து, முப்பது குடும்பங்கள் சேர்ந்து யோசிக்கின்றன. நம் வீட்டில் டிவி வந்தபோது எந்த மூலையில் வைப்பது என்பதைத் தவிர வேறெதையும் நாம் யோசிக்கவில்லை.

போதகரையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் உத்திரமேரூர்க் குடவோலை மாதிரிதான். போதிய பேர் முன்மொழிந்தவர்களின் எதிரே பாட்டுப் புத்தகங்களை வரிசையாக வைப்பார்கள். ஒன்றில் மட்டும் ஒரு சீட்டு. அது யார் எடுத்த புத்தகத்தில் இருக்கிறதோ, அவர் ஆயுளுக்கும் போதகர். சம்பளம் கிடையாது, படிப்பும் கிடையாது. சீட்டு விழுந்தவரின் வீட்டில் அன்று அழுகைதானாம்.

எனக்கு ஒப்பாதது பள்ளிக்கூட விஷயம். எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதை அன்று காரில் சொன்னபோது நீங்கள் ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். தாத்தா உங்களை எட்டாவதோடு நிறுத்தியது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பசுமாடு, வயல், வீடு நிறைய ஆள் என்று அந்த வாழ்க்கையை நான் ரசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்த்தது வேறு எதையோ. ஆமிஷ் கடையில் கல்லாப்பெட்டியருகே நின்று, காகிதத்தில் கூட்டிப் பார்த்துச் சில்லறை கொடுத்த அந்தப் பெண்ணைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

என்ன நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். அவளிடம் வாங்கிய இனிப்பு ஊறுகாயை மாமா தொட்டாரா?

அன்புடன்,
உங்கள் மகன் மாதிரி ஒருவன்