மீன் குஞ்சுக்கும் நோய்ப் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கீழ்பவானி, பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) பாசனப் பகுதிகளில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்ப்போர் பலர். ஒரு குட்டையில் கட்லா, ரோகு, சாதாக்கெண்டை. பக்கத்திலேயே கிஃப்ட் எனப்படும் மேம்படுத்திய ரகத் திலேப்பியா. தீனி, விலை பற்றியெல்லாம் பேசுகிறோம். வைரஸ் பற்றி யாரும் பேசுவதில்லை.

கோய் ஹெர்பெஸ் வைரஸ் சாதாக்கெண்டையையும் அதன் அலங்கார வகையான கோய் மீனையும் கூட்டம் கூட்டமாகக் கொல்லும். ஆனால் தங்கமீன், நோய்க்குறி எதுவும் காட்டாமலே அதைச் சுமந்து பரப்பக்கூடியது. பார்வைக்குத் திடமாக இருக்கும் மீனையும் நம்ப முடியாது என்பதுதான் என் பயம். வீட்டுத் தொட்டி மீன் அலுத்துப்போனால் வாய்க்காலில் விடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். 2014-ல் இஸ்ரேலில் அடையாளம் காணப்பட்ட திலேப்பியா ஏரி வைரஸ் இந்தியாவிலும் பதிவாகிவிட்டது. ஆய்வகச் சோதனையில் அது ராட்சத கௌராமி மீனையும் தாக்கியிருக்கிறது.

இந்த வைரஸ்களுக்கு மருந்து கிடையாது. குட்டையில் ஆன்டிபயாடிக் கொட்டுவது வீண் செலவு. புதுக் குஞ்சைச் சில வாரம் தனியே வைப்பது, வலையை பிளீச்சிங் தண்ணீரில் முக்கி வெயிலில் காயவைப்பது, செத்த மீனைச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது, இதெல்லாம் நம்மால் முடியும். ஆனால் வைரஸைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் ஆய்வகப் பரிசோதனை நம்மால் முடியாதே! பவானிசாகரில் மீன்வளப் பல்கலைக்கழக மையம் இருக்கிறது. விவசாயிகள் அங்கே மாதிரி கொடுத்துச் சீக்கிரம் முடிவு பெற அரசு வழி செய்யட்டும். அப்புறம், குஞ்சு விற்போர் பரிசோதனைச் சான்று தருவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் விவசாயி,
கோபிசெட்டிபாளையம்.