தேரியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழகத்தின் நில அமைப்பு பற்றிய உங்கள் மாணவர் இணைப்பைப் பார்த்தேன். தொட்டபெட்டா 2,637 மீட்டர், கிழக்குத் தொடர்ச்சி மலை துண்டு துண்டாகக் கிடப்பது, காவிரிச் சமவெளி, எல்லாம் சரி. ஆனால் வரைபடத்தில் தூத்துக்குடி மாவட்டம் முழுக்க ஒரே மஞ்சள், 'கடற்கரைச் சமவெளி' என்று ஒரு வார்த்தை. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் ஏறத்தாழ 12,000 ஏக்கரில் செக்கச்செவேல் என்று கிடக்கிற குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேடு எங்கே போயிற்று? பாடப் புத்தகமும் இதை ஒரு வரியில்தான் கடக்கிறது, நீங்கள் அந்த ஒரு வரியையும் விட்டுவிட்டீர்கள்.

மணல்பருக்கைகளின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்ததால் வந்த சிவப்பு இது. மேற்கே இருந்து காற்று வாரிக் கொண்டுவந்து கொட்டியதா, கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் வெளியே கிடந்த மணலா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதம் செய்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் காற்றாலையைச் சுழற்றுகிற அதே ஆடிக் காற்றுதான் மலைக் கணவாய் வழியாக வந்து இங்கே மேட்டைக் கலைத்து மேடு கட்டுகிறது. காலையில் பதித்த கால்தடம் மத்தியானம் இருக்காது. அந்த நகர்வை நிறுத்தத்தான் வனத்துறை குடைவேலும் முந்திரியும் வைத்தது, பனை எப்போதும் போல தானாகவே நிற்கிறது.

பலருக்குத் தெரியாத விஷயம் தண்ணீர். எவ்வளவு மழை பெய்தாலும் தேரியில் ஓடாது, அப்படியே உள்ளே இறங்கி, அடிவாரத்தில் சுனையாக வரும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் பங்குனி உத்திரத்தன்று வந்து பாருங்கள், மேலே கால் வைக்க முடியாத சுடுமணல், கீழே சுனை. தேரியை ஒட்டித் தாழ்ந்த இடங்களில் மழைத் தண்ணீர் தேங்குகிற ஏரிகளை நாங்கள் தருவை என்போம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் பொட்டல், சுற்றுக் கிராமத்துக் கிணறுகளுக்கு இதுதான் தொட்டி.

அப்புறம், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் நுண்கற்கருவிகள், அதாவது கற்கால மனிதர்கள் செய்த சின்னஞ்சிறு கல் கருவிகள், கிடைத்ததை சோய்னர், ஆல்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அவ்வளவு பழைய இடத்தை 'பயன்படாத மணல்மேடு' என்று நினைப்பதால்தான், செம்மண் என்று சொல்லி லாரியில் அள்ளுகிறவனைக் கேட்க ஆளில்லாமல் போகிறது. கருப்பட்டிக்கு உடன்குடியைக் கொண்டாடுகிறோம், அந்தப் பனை நிற்கிற மண்ணைப் பற்றிப் பேச மாட்டோம், இது என்ன நியாயமோ!

அடுத்த இணைப்பிலாவது தேரிக்குத் தனி நிறம் கொடுத்து ஒரு பத்தி எழுதுங்கள். படம் எடுக்க ஆளை அனுப்புவதானால் ஆனி, ஆடியில் அனுப்புங்கள். கேமராவை மட்டும் பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாத்தான்குளம் வட்டாரத்து வாசகர்