மே மாதத்து மான்டரேவுக்கு 5 மி.மீ. வெட்சூட் போதாது

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. யாழினி பட்டம் வாங்கப் போகிறாள் என்று முதல் வரியில் எழுதிவிட்டு இரண்டாவது வரியிலேயே, மே மாதம் இங்கே கடலுக்குள் டைவ் செய்ய எந்த வெட்சூட் வாங்குவது என்று அந்த ரப்பர் உடுப்புக்குத் தாவிவிட்டாயே, நீ மாறவே இல்லை என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். பட்டமளிப்பு முடிந்து நாலு நாள் எங்கள் வீட்டில் தங்குவதாக எழுதியிருக்கிறாய், நாலெல்லாம் போதாது, ஒரு வாரமாவது இரு. அம்மா இப்போது இங்கேதான் இருக்கிறாள். முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் தெருமுனை வரை தானே நடந்து போய்விட்டு வருகிறாள். நீ வருகிறாய் என்று சொன்னதிலிருந்து, உனக்குக் கூழ்வற்றல் வேண்டும் என்று இந்த ஊர் வெயிலை நம்பி மொட்டைமாடி தேடிக்கொண்டிருக்கிறாள்.

சரி, வெட்சூட். ஆன்லைனில் பார்த்த அந்த 5 மி.மீ. தடிமன் சூட்டை வாங்காதே, தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். புதுச்சேரியிலும் அந்தமானின் ஹேவ்லாக்கிலும் 28, 29 டிகிரித் தண்ணீரில் 3 மி.மீ. போட்டு டைவ் செய்தவளுக்கு 5 என்பதே அதிகம் என்றுதான் தோன்றும். இங்கே கலிபோர்னியாவில், மான்டரே விரிகுடாவில் மே மாதம் தண்ணீர் 10, 11 டிகிரியில் இருக்கும், ஆழம் போகப் போக இன்னும் குறைகிற நாளும் உண்டு. அந்தத் தண்ணீரில் 5 மி.மீ. போட்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இருபது நிமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள். நீயோ குறுக்குத்துறையில் தாமிரபரணியில் குளிக்கும்போதே எல்லோருக்கும் முன்னால் உதடு நீலம் பாய்ந்து கரையேறுகிறவள். அந்த உடம்பை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், கடைக்காரன் ஒட்டியிருக்கும் அட்டவணையை வைத்து அல்ல.

மே என்றால் கோடை தொடங்கிவிடுமே என்று கேட்டிருந்தாய். இங்கே அது தலைகீழ். வசந்த காலத்தில் வடமேற்கிலிருந்து காற்று கரையோரமாகவே விடாமல் அடிக்கும், அது மேல்மட்டத்துத் தண்ணீரைக் கடலுக்குள் தள்ளிவிடும், அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும். அதனால் ஜனவரியைவிட ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் அதிகம் குளிர்ந்திருப்பது இங்கே சகஜம். செப்டம்பர், அக்டோபரில்தான் 14, 15 டிகிரி வரை ஏறும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். அப்போது வா என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் பட்டமளிப்பு மே மாதத்தில்தானே. அப்புறம் ஒன்று, அந்த ஆழத்துத் தண்ணீர்தான் சத்தைக் கொண்டுவருகிறது, அது வராவிட்டால் நீ பார்க்க ஆசைப்படும் கெல்ப் என்ற கடற்பாசிக் காடே கிடையாது. ராட்சத கெல்ப் நல்ல பருவத்தில் ஒரே நாளில் ஓர் அடிக்கு மேல்கூட வளரும். தரையிலிருந்து மேற்பரப்பு வரை நெட்டுக்குத்தாக நின்று, மேலே படர்ந்து கூரை போட்டிருக்கும். அதற்கு நடுவே வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்குவதைப் பார்க்க வேண்டும் கலா. அதைக் குளிரில் நடுங்கிக்கொண்டே பார்த்துவிட்டு நீ ஓடிவரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே 7 மி.மீ. முழு சூட், அதோடு தலையை மூடும் ஹூட், 5 மி.மீ. கிளவுஸ், காலுக்குத் தடித்த அடியுள்ள பூட்டி. அதற்குள்ளே ஹூடோடு சேர்ந்த 3 அல்லது 5 மி.மீ. வெஸ்ட், அதாவது கையில்லாத உள்சட்டை ஒன்று. உனக்கு அந்த வெஸ்ட் கட்டாயம் என்றே நினைக்கிறேன். கை கால் குளிர்ந்தால் தாங்கலாம், நெஞ்சும் வயிறும் குளிர்ந்துவிட்டால் அன்றைய டைவ் அவ்வளவுதான். இங்கே பழைய ஆட்கள் ஃபார்மர் ஜான் என்று இரண்டு துண்டு சூட் போடுவார்கள், கையில்லாத 7 மி.மீ. பேன்ட்டும் அதன் மேல் 7 மி.மீ. ஜாக்கெட்டுமாக உடம்பின் நடுப்பகுதியில் 14 மி.மீ. வந்துவிடும். கதகதப்பாக இருக்கும், ஆனால் உன்னால் கையைத் தூக்க முடியாது, புதிதாகப் போடுகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

7 என்றால் கடலுக்குள்ளும் 7 என்று நினைத்துவிடாதே. சூட் தைக்கும் நியோப்ரீன் என்பது ரப்பருக்குள் லட்சக்கணக்கான சின்ன வாயுக் குமிழிகள். உடம்பின் வெப்பம் வெளியே போகாமல் தடுப்பது பெரும்பாலும் அந்தக் குமிழிகள்தான். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, குமிழி பாதியாகும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, 30 மீட்டரில் கால் பங்கு. ரப்பர் சுருங்காது என்பதால் சூட் முழுக்க அந்தக் கணக்கில் மெலியாது, ஆனாலும் கீழே போகப் போகத் துணி மெலிகிறது, அதே சமயம் தண்ணீரும் குளிர்கிறது. அதனால்தான் 12 மீட்டர் டைவுக்குப் போதுமான சூட் 25 மீட்டருக்குப் போதாமல் போகிறது. உன்னை நான் 15 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போகப் போவதில்லை, பார்க்க வேண்டியதெல்லாம் அதற்கு மேலேயே இருக்கிறது.

இதே காரணத்தால் பழைய சூட்டை நம்பாதே. நிறைய ஆழம் பார்த்த சூட்டில் குமிழிகள் நசுங்கி நசுங்கி ஒரு கட்டத்தில் மீளாமலே போய்விடும். லேபிளில் 7 என்று இருக்கும், உள்ளே சத்து இருக்காது. வாடகைக் கடையில் சூட்டைக் கையில் கொடுத்ததும் நான் முதலில் முழங்கால் பக்கமும் தோள் பக்கமும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து நன்றாக அழுத்திப் பார்ப்பேன். விட்டதும் உப்பி எழ வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால், அல்லது அட்டை மாதிரி விறைப்பாக இருந்தால், வேறு கொடுங்கள் என்று கேட்டுவிடுவேன். கேட்டால் கொடுப்பார்கள், கூச்சப்படத் தேவையில்லை.

இப்போது நான் சொல்ல வருவதில் முக்கியமான இடம். மி.மீ. எண்ணைவிட அளவு பொருந்துவதுதான் பெரிய விஷயம். தளர்ந்த 7 மி.மீ. போட்டவளைவிடக் கச்சிதமான 5 போட்டவள் கதகதப்பாக இருப்பாள். வெட்சூட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும், வந்த தண்ணீர் உள்ளேயே நின்றால் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். ஒவ்வொரு அசைவுக்கும் அது வெளியே போய்ப் புதுத் தண்ணீர் உள்ளே வந்தால், உன் உடம்பு ஒவ்வொரு தடவையும் பத்து டிகிரித் தண்ணீரைப் புதிதாகச் சூடாக்க வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதை எந்த உடம்பும் தாங்காது. ரவிக்கைக்குத் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பதற்கும் ரெடிமேட் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. போட்டுப் பார்த்ததும் நாலு இடம் பார். முதுகின் கீழ் வளைவில் இடைவெளி இருக்கக் கூடாது, பெண்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் தண்ணீர் தேங்கும். அக்குளில் துணி தொங்கக் கூடாது. தொடை சேரும் இடத்தில் முழுசாக மேலே ஏறியிருக்க வேண்டும். கழுத்தில் விரல் விட்டால் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், ஆனால் தலை கிறுகிறுக்கும் அளவுக்கு நெரிக்கக் கூடாது. குனிந்து நிமிரும்போது முதுகில் காற்று உள்ளே போய் வெளியே வருகிற சத்தம் கேட்டால் அந்த இடத்தில் நாளைக்குத் தண்ணீர் அதையேதான் செய்யும்.

போடும்போது அவசரப்படாதே. காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நகத்தால் இழுக்காமல் விரல் சதையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும், நகம் பட்டால் நியோப்ரீன் பிறைபிறையாகக் கிழியும். கரையில் வெயிலில் ரொம்ப நேரம் இதோடு நின்றால் வியர்த்துக் களைத்துவிடுவாய், எல்லாம் தயாரான பிறகு கடைசியாக ஹூடைப் போடு.

ஹூட் வேண்டாம், காது அடைக்கும் என்று எழுதியிருந்தாய். போட்டே ஆக வேண்டும் கலா. தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை, தலை உடம்பின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான், சூடும் ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் போகும். ஆனால் பத்து டிகிரித் தண்ணீர் நெற்றியில் நேரடியாகப் பட்டால் மண்டை விண்விண்ணென்று தெறிக்கும். ஒரு காதுக்குள் மட்டும் குளிர்ந்த தண்ணீர் சட்டென்று புகுந்தால் தலைசுற்றல் வரும், மேலே எது கீழே எது என்றே தெரியாது. ஹூடுக்குள் மெதுவாகத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு இறங்கினால் காதைச் சமன் செய்வதிலும் சிரமம் இருக்காது.

மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடைதான் உன்னைத் திகைக்க வைக்கும். புதுச்சேரியில் 4 கிலோவோடு இறங்குகிறவள் இங்கே 10, 11 கிலோ கட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் 7 மி.மீ. சூட்டும் வெஸ்ட்டும் உன்னை மிதக்கவிட்டே தீரும். கீழே போனதும் சூட் அமுங்கி அந்த மிதப்பு போய்விடும், அப்போது பிசிடியில், அதாவது மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டையில், காற்று கூட்ட வேண்டும். மேலே வரும்போது சூட் மறுபடி உப்பும், அந்தக் காற்றை முன்கூட்டியே விட்டுக்கொண்டே வர வேண்டும், விடாவிட்டால் கடைசி ஐந்து மீட்டரில் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் முதல் நாள் வேறெதுவும் வேண்டாம், பிரேக்வாட்டர் என்ற அலைத்தடுப்புச் சுவர் பக்கம், சான் கார்லோஸ் கடற்கரையிலிருந்து நடந்தே இறங்குவோம், எடை சரிபார்த்துவிட்டு ஆழமில்லாத இடத்தில் சுற்றுவோம். அந்தக் கற்சுவரின் மேல் கடல் சிங்கங்கள் நாள் முழுக்கக் கத்திக்கொண்டு கிடக்கும், தண்ணீருக்குள்ளும் அந்தக் குரல் கேட்கும். மறுநாள் பாயின்ட் லோபோஸ் இயற்கைக் காப்பகம், அங்கே டைவ் செய்ய முன்பதிவு வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தண்ணீரே உள்ளே புகாத டிரைசூட்டே போட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வருடம் முழுக்க இங்கே இறங்குவதால் நான் இப்போது அதற்கு மாறிவிட்டேன், உண்மையிலேயே அருமையாக இருக்கிறது. ஆனால் அதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் காற்று காலுக்கு ஓடிவிட்டால் தலைகீழாகிவிடுவாய். இரண்டு மூன்று நாள் டைவுக்காக அதைத் தொடாதே. 7 மி.மீ. இந்தத் தண்ணீருக்குப் போதும். சொல்லப்போனால் வெட்சூட்டே இந்தக் கலிபோர்னியாவில் பிறந்ததுதான். 1950களின் தொடக்கத்தில் பெர்க்லியில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர், உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, துணிக்குள் வாயு சிறைப்பட்டிருந்தால் சூடு நிற்கும் என்று யோசித்து நியோப்ரீனுக்கு வந்து சேர்ந்தார். ஜாக் ஓ'நீல் 1952இல் சான்பிரான்சிஸ்கோவில் கடை போட்டு, பிறகு இதே விரிகுடாவின் வடகரையிலுள்ள சான்டா குரூஸுக்கு வந்து, அலைச்சறுக்குக்காரர்களுக்கு அதைப் பரப்பினார். உன்னைக் கட்டாயம் சான்டா குரூஸுக்கும் கூட்டிப்போவேன்.

சூட்டை முதல் டைவுக்காகத் தேர்ந்தெடுக்காதே, இரண்டாவது டைவுக்காகத் தேர்ந்தெடு. முதலாவதில் உற்சாகமே பாதி சூடு தந்துவிடும். வெளியே வந்து ஈரச் சூட்டோடு காற்றில் ஒரு மணி நேரம் நிற்கும்போதுதான் உடம்பு உண்மையில் குளிர்கிறது, இரண்டாவது முறை ஏற்கெனவே குளிர்ந்த உடம்போடுதான் இறங்குவாய். அதற்குக் காற்றுப் புகாத பெரிய கோட் ஒன்று காரில் வைத்திருக்கிறேன். ஒரு பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, இறங்கும் முன் கழுத்து வழியாகவும் கிளவுஸுக்குள்ளும் ஊற்றிக்கொள்வோம். இன்னொரு பிளாஸ்கில் அம்மாவின் மிளகு ரசம். யாராவது ஒருத்திக்கு நடுக்கம் வந்தால் சிலிண்டரில் காற்று எவ்வளவு மீதி இருந்தாலும் இரண்டு பேரும் மேலே, இதில் பேச்சுக்கே இடமில்லை. இது வெறும் சுகத்துக்காகச் சொல்வது அல்ல. அமெரிக்கக் கடற்படை 2007இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஆழத்தில் கதகதப்பாக இருந்துவிட்டு மேலேறும் கட்டத்தில் குளிர்ந்துபோனவர்களுக்கு டிகம்ப்ரெஷன் நோய், அதாவது மேலேறும்போது உடம்புக்குள் வாயுக் குமிழிகள் உண்டாகும் நோய், வரும் ஆபத்து மிகவும் கூடியது.

சென்னையிலிருந்து நீ கொண்டுவர வேண்டியது உன் மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், சான்றிதழ் அட்டை, லாக் புக், அவ்வளவுதான். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை விட்டுவிட்டு வா, இந்தக் குளிருக்கு ஏற்றதை இங்கேயே வாடகைக்கு எடுப்போம். உயரம், எடை, மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே சுற்றளவு, பாத நீளம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து இந்த வாரமே அனுப்பு, மே மாதத்தில் பெண்கள் அளவு சூட் சீக்கிரம் தீர்ந்துவிடும். மெலிந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, பழைய அளவை நினைவில் வைத்து எழுதிவிடாதே.

யாழினியும் டைவ் செய்ய ஆசைப்படுகிறாளா என்றும் கேட்டுச் சொல், அவளுக்கும் ஒரு சூட் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் செல்வி